சிவப்புக் கட்டம்

ஜனவரி 6, செவ்வாய்

கேமரா வந்துவிட்டது. கோவையில் ஒரு பல் டாக்டர் நெட்டில் விற்பனைக்குப் போட்டிருந்தார். பல் டாக்டர் வைத்திருந்த பொருள் சுத்தமாக இருக்கும் என்று நம்பி வாங்கினேன், இருக்கிறது. ஃபிலிம் கேமரா. ஜப்பான்காரன் தொண்ணூறுகளில் செய்தது. கறுப்பு நிறம், நல்ல கனம். ஃபிலிமைப் போட்டு மூடியதும் உள்ளே மோட்டார் 'உய்ங்' என்று சுற்றித் தானே முதல் படத்துக்கு வந்து நின்றது.

ஆட்டோஃபோகஸ் எல்லாக் கேமராவிலும் உண்டு. இதில் உள்ள அதிசயம் வேறு. நம் கண் எங்கே பார்க்கிறது என்று இது கவனிக்கிறது. கண் வைக்கும் ஓட்டைக்குள் வரிசையாக ஐந்து சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. நான் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறேனோ அது சிவப்பாக எரியும், லென்ஸ் அந்த இடத்தை ஃபோகஸ் செய்துகொள்ளும். கை எதையும் திருப்ப வேண்டாம். முப்பது வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்ட மூளைக்காரன்.

வீட்டுக்காரி துளசிமணிக்கு இதெல்லாம் ஏறவில்லை. "ஏனுங்க, ஊரே போன்ல போட்டோ எடுக்குது. இது எதுக்குங்க?" என்றாள். ஜூலை 31-ம் தேதி ரிட்டையர் ஆகிறவனுக்கு ஆகஸ்ட் 1-ம் தேதி காலையில் செய்ய ஒரு வேலை வேண்டாமா என்றேன். "வெங்காயம் உரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 7, புதன்

டூட்டி இல்லை. கேமராவுக்கு என் கண்ணைப் பழக்கினேன். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு நம்பர் கொடுத்து அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றாம் நம்பரில் டாக்டரின் கண் இருக்கிறது, அதை அழிக்க மனம் வரவில்லை. நான் இரண்டாம் நம்பர். வலது ஓரக் கட்டம் மினுக்கும், அதையே பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். பிறகு இடது ஓரக் கட்டம்.

ஆறு தடவை ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாவது தடவை ஏற்றுக்கொண்டது. கண்ணாடி போட்டவர்களிடம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று நெட்டிலும் எழுதியிருக்கிறார்கள். பழைய சரக்கு, அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 9, வெள்ளி

காலை வண்டி. ஈரோட்டில் 7.10, ஜோலார்பேட்டை வரை நான், அதற்குமேல் வேறு ஆள். ரயில் ஓட்டுகிறவனை இப்போதெல்லாம் லோகோ பைலட் என்கிறார்கள். எனக்கு டிரைவர் என்ற பெயர்தான் பிடித்திருக்கிறது.

பதினைந்து நாளாக அசிஸ்டென்ட் ஜெனிஃபர். திண்டுக்கல் பெண், இருபத்தெட்டு வயது. எஞ்சினில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். இருவருமே சொல்ல வேண்டும். இருவர் சொன்னதும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி அதன்படி போகும். முப்பத்தோரு வருஷமாக நான் முதலில் சொல்வேன், அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்வான். இந்தப் பெண்ணுக்கோ பள்ளிக்கூட மணி மாதிரிக் குரல். தூரத்திலேயே பார்த்து "க்ரீன் சார்" என்று சொல்லிவிடுகிறாள். நானும் "க்ரீன்" என்கிறேன். யார் முதலில் சொல்வது என்பதில் எனக்கு வீம்பு கிடையாது. சின்னவர்களுக்கு வழிவிட வேண்டியதுதானே.

ஓடும்போது கேமரா பைக்குள்ளேயே இருக்க வேண்டும், அது விதி. ஜோலார்பேட்டை பிளாட்ஃபாரத்தில் இறங்கியபின் எஞ்சின் பக்கத்தில் ஜெனிஃபரை நிறுத்தி நாலு படம் எடுத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வாசலில் துளசிமணி பானை வைத்தாள். பொங்கி வழியும் நேரத்தில் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். நடுக்கட்டத்தைப் பார்த்தால் வலது ஓரக் கட்டம் எரிகிறது. மறுபடி பார்த்தேன், அதே கதை. எப்படியோ அழுத்தினேன். முப்பத்தாறு படமும் தீர்ந்தது. நாளை சென்னை லேபுக்குக் கூரியரில் போகும்.

ஜனவரி 18, ஞாயிறு

பூஜை அறை வாசலுக்கு மரத்தில் புது நிலவுச் சட்டம் போட வந்த வேலுச்சாமி ஆசாரியோடு சண்டை. நிலவு நடுவில் உள்வாங்கி வளைந்து நிற்கிறது. அவர் தூக்குக்குண்டை விட்டுக் காட்டி, "நூல் புடிச்சாப்ல நிக்குதுங்க, எங்க வளைஞ்சிருக்குது?" என்கிறார். துளசிமணியும் அவர் பக்கம். "நேராத்தானுங்க இருக்குது" என்கிறாள். இந்தக் காலத்து மனிதர்களுக்கு நேர் எது கோணல் எது என்றே தெரியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

பிரிண்ட் வந்தது. மனம் விட்டுப்போயிற்று.

முப்பத்தாறில் ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை. ஜெனிஃபர் மங்கல், அவள் பின்னால் இருக்கும் தண்ணீர்க் குழாய் துல்லியம். துளசிமணி மங்கல், பக்கத்து வீட்டுக் கேட்டில் தொங்கும் பூட்டின் எழுத்துவரை படிக்க முடிகிறது. எல்லாப் படத்திலும் முகத்துக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளித்தான் ஃபோகஸ்.

டாக்டருக்கு போன் செய்தேன். "எனக்குப் பிரமாதமா வேலை செஞ்சுதுங்களே" என்றார். விற்றவன் வேறென்ன சொல்வான்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றிவிட்டு வண்டி எடுத்தோம். ஜோலார்பேட்டையில் நாங்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் சாப்பிட்டபின் ஜெனிஃபர் கேமராவைக் கேட்டாள். மூன்றாம் நம்பரில் அவள் கண்ணைப் பழக்கினாள். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. ஆளுக்குப் பத்துப் படம் எடுத்தோம்.

"சார், நாம எங்க பாக்குறோமோ அந்தக் கட்டம்தான எரியும்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தள்ளித் தள்ளி எரியுதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"சென்சார் போயிருச்சும்மா, பழைய கேமரா" என்றேன். அவள் கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு சிக்னலுக்கும் என் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஜனவரி 30, வெள்ளி

இரண்டு வாரமாக ஸ்கூட்டரை எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன். இந்த வயதில் நடப்பது உடம்புக்கு நல்லது. அன்றைக்கு மேட்டூர் ரோட்டில் ஒரு அம்மாள் எங்கிருந்தோ திடீரென்று ஸ்கூட்டர் முன்னால் முளைத்ததும் ஒரு காரணம்தான். ரோட்டில் யார் பார்த்து நடக்கிறார்கள்.

காலையில் காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். துளசிமணி துடைத்தாள்.

பிப்ரவரி 4, புதன்

இரண்டாவது ரோல் பிரிண்ட். ஜெனிஃபர் எடுத்த பத்தும் துல்லியம். என் மீசையில் எத்தனை நரை என்று எண்ணலாம். நான் எடுத்தவை பழையபடியே. பெண்ணுக்குக் கைராசி.

பிப்ரவரி 5, வியாழன்

சும்மாதான் செய்து பார்த்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். மேலே முருகன் இருக்கிறார், கீழே ராகுகாலம் இருக்கிறது, நடுவில் தேதி இல்லை. கண்ணைக் கொஞ்சம் தள்ளினால் தேதி வருகிறது, ராகுகாலம் போய்விடுகிறது. மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற காலண்டர், அச்சு அவ்வளவுதான்.

எங்களுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. போன ஆகஸ்டில் பாஸ் செய்தேன். அடுத்தது இந்த ஆகஸ்டில். ஜூலை 31-ல் ரிட்டையர்மென்ட். இடையில் யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

கண் சரியில்லை என்றால் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், அதே சம்பளத்தில் ஏதாவது ஆபீஸ் மூலையில் நாற்காலி போடுவார்கள். எனக்கு அது வேண்டாம். கடைசி வண்டி ஓட்டி வரும் டிரைவருக்கு எங்கள் டிப்போவில் பிளாட்ஃபாரத்தில் மேளம் வைப்பார்கள். எஞ்சினுக்கு வாழை கட்டுவார்கள். பெண்டாட்டியை எஞ்சினில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். நாற்பது பேருக்கு நான் மாலை போட்டிருக்கிறேன். ஒரு மாலை எனக்கும் வேண்டும். இன்னும் ஆறு மாசம்கூட இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வண்டி பதினொரு நிமிஷம் லேட். மாடு குறுக்கே வந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜெனிஃபருக்கு நேற்றுத் தொண்டை கட்டிக்கொண்டது. லீவு போடச் சொன்னேன், ஆள் பற்றாக்குறை என்று வந்துவிட்டாள். குரலே இல்லை, காற்றுத்தான் வந்தது. கையை மட்டும் நீட்டுவாள். "இன்னைக்கு நீங்க சத்தமாச் சொல்லுங்க சார்" என்று காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பாதையில் எந்த இடத்தில் தினமும் என்ன நிறம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

சேலம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன். பேரை எழுத வேண்டாம். வெயில் எதிரில் அடித்தது. முதல் சிக்னலுக்கு அவள் கையை நீட்டினாள். "க்ரீன்" என்றேன். அவள் என் தோளைத் தட்டி, இல்லை என்று விரலை ஆட்டினாள். எஞ்சின் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன், கொஞ்சம்தான். அடுத்த சிக்னலும் வந்தது. அவள் குரலுக்காகக் காது காத்திருந்தது, நேற்றைக்கு அந்தக் குரல் வராது என்பது அந்த நிமிஷம் எனக்கு மறந்தே போயிற்று. "க்ரீன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பக்கத்தில் அவசர பிரேக் ஒன்று உண்டு. இரண்டு கையாலும் அதை இழுத்தாள்.

வண்டி நின்றபோது சிவப்புச் சிக்னல் ஒரு பெட்டி நீளத்துக்கு முன்னால் இருந்தது. அதைத் தாண்டி லெவல் கிராசிங், கேட் திறந்திருந்தது. மஞ்சள் அறுப்புக்குப் போகும் பெண்கள் ஒரு டெம்போ நிறைய நின்றுகொண்டு தண்டவாளத்தைக் கடந்தார்கள். ஒருத்தி எங்கள் எஞ்சினைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தாள்.

கார்டு வாக்கி டாக்கியில் என்ன ஆச்சு என்று கேட்டார். மாடு என்றேன். ஜெனிஃபர் வாயைத் திறக்கவில்லை, திறந்தாலும் குரல் வந்திருக்காது. அவள் கை வெகுநேரம் பிரேக்கிலேயே இருந்தது. ஜோலார்பேட்டையில் இறங்கும்போது ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். 'சார், நீங்க அந்த சிக்னலைப் பார்க்கவே இல்லை. கண் டாக்டரைப் பாருங்க.' கிழித்துப் போடத்தான் நினைத்தேன். சட்டைப் பையில் இருக்கிறது.

வெயில் எதிரில் அடித்தது என்பதும் உண்மைதான்.

பிப்ரவரி 14, சனி

ஜெனிஃபர் வீட்டுக்கே வந்துவிட்டாள். குரல் பாதி வந்திருக்கிறது. துளசிமணி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து ஜெனிஃபர் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"சார், மாடுன்னு நீங்க எழுதுனதுல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு நாளாச் சோறு எறங்கல."

"உனக்கு ஒண்ணும் வராதும்மா. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு என்ன வருதுன்னு நான் கேக்கல சார். அந்த டெம்போவுல பதினேழு பேரு. நான் எண்ணுனேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பத்து நாள் தர்றேன் சார். நீங்களே போய்ச் சொன்னா மரியாதையா முடிஞ்சிரும். இல்லேன்னா நான் சொல்லிருவேன். அப்பா மாதிரி நெனச்சுத்தான் சொல்றேன்."

அவள் போனபின் துளசிமணி, "நல்ல புள்ளைங்க, கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு, ஏனுங்க?" என்று கேட்டாள். ரசத்தில் காரம் என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

லாபிக்குப் போனேன். நாங்கள் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் ஆபீஸ் அது. கண்ட்ரோலர் சுந்தரேசனைத் தனியாகக் கூப்பிட்டு, அசிஸ்டென்டை மாற்றிக் கொடு என்றேன். பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை, கோவை லைன் போட்டால் அவளுக்கு வசதி என்றேன். சுந்தரேசன் என்னிடம் வேலை கற்றவன், காரணம் கேட்கவில்லை. "உங்களுக்கு எந்த மாதிரி ஆள் வேணுமுங்கண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

குரல் நன்றாக இருக்கும் ஆளாகப் போடு என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

புது அசிஸ்டென்ட் சாதிக். பவானிக்காரர், முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். குரல் கணீரென்று இருக்கிறது. எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. "டபுள் யெல்லோ" என்பார், "டபுள் யெல்லோ" என்பேன். வண்டி இரண்டு நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. மனசுக்கு நிம்மதி.

தும்மும்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. அவருக்குத் தூசு ஆகாதாம்.

பிப்ரவரி 21, சனி

சென்னையில் மகள் சங்கீதாவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. மூத்தது பள்ளிக்கூடம் போவதால் இங்கே வர முடியாது, துளசிமணிதான் போக வேண்டும். திங்கட்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். என் வண்டி. அந்த வண்டி வேண்டாம், பஸ்ஸில் போ என்றேன்.

"கல்யாணமாகி முப்பத்தி மூணு வருசத்துல நீங்க ஓட்டற வண்டில நான் போனதே இல்லீங்க. ரிட்டையர் ஆகறதுக்குள்ள ஒருக்காப் போயர்றனுங்க" என்றாள்.

சாயங்காலம் முழுக்க முறுக்குச் சுட்டாள். எனக்கு ஒன்று கொடுத்தாள், தின்ன முடியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

மாலை. வீட்டில் நான் மட்டும். வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

காலையில் ஆறு மணிக்கு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி பிளாட்ஃபாரத்தில் நின்றது. கடைசிக்கு முந்தின பெட்டியில் ஜன்னலோர சீட். பையை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். "ஜோலார்பேட்டை வரைக்கும் நல்லாத் தூங்கிருவனுங்க. நீங்கதான ஓட்டறீங்க, எனக்கென்ன பயம்" என்றாள்.

நில்லு, ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். கேமராவில் கண்ணை வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், வலது ஓரக் கட்டம் எரிந்தது. பெட்டி நம்பர் எழுதியிருந்த இடம். இந்தத் தடவை நான் பிடிவாதமாகக் கண்ணை நகர்த்தாமல், நேராக, நடுக்கட்டத்திலேயே வைத்தேன். அது எரிந்தது. கேமரா சரியாகத்தான் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நடுக்கட்டத்தில் துளசிமணியின் முகம் இல்லை. அரக்குச் சேலை தெரிந்தது, தாலிக்கொடி தெரிந்தது, தலையில் வைத்த கனகாம்பரம் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. கேமராவை இறக்கி இடது கண்ணால் பார்த்தேன். முகம் இருந்தது, அந்த வாசல் நிலவு வளைந்தது போல வளைந்து இருந்தது. ஆசாரியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"சிரிக்கட்டுங்களா?" என்றாள்.

சிரி என்றேன். அழுத்தினேன். அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அவளை ஏற்றிவிட்டு லாபிக்குப் போனேன். மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதினேன். ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பிவிட்டு சுந்தரேசன் தினமும் கேட்பதையே கேட்டான். கண்ணாடி போடும் டிரைவர் மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கையில் வைத்திருக்க வேண்டும், கேட்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

"ரெண்டு கண்ணாடியும் இருக்குதுங்களாண்ணா?"

பேனாவைக் கையில் எடுத்திருந்தேன். 'போதிய ஓய்வு எடுத்துள்ளேன், பணிக்குத் தகுதியாக உள்ளேன்' என்ற வரிக்குக் கீழே முப்பத்தோரு வருஷமாகப் படிக்காமலே போட்ட கையெழுத்து. சாதிக் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி ரெண்டும் இருக்குது சுந்தரேசா. கண்ணுதான் இல்ல" என்றேன்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஜெனிஃபரின் சீட்டைப் பையிலிருந்து எடுத்து ரெஜிஸ்டர் மேல் வைத்தேன். பன்னிரண்டாம் தேதி மாடு எதுவும் வரவில்லை என்றும், அந்தப் பெண் இல்லையென்றால் பதினேழு பேர் போயிருப்பார்கள் என்றும், அவளைக் கையெழுத்துப் போட வைத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. மேளமும் வாழையும் இனி இல்லை. வேலையே இருக்குமா என்று விசாரணையில்தான் தெரியும்.

ஸ்பேரில் இருந்த டிரைவரை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். வண்டி ஒன்பது நிமிஷம் லேட்டாகப் புறப்பட்டது. துளசிமணியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், ஒன்பது நிமிஷம் இருந்தது. கால் போகவில்லை.

பிளாட்ஃபாரத்தில் டீக்கடைப் பக்கத்தில் நின்றேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கடைசிக்கு முந்தின பெட்டியில் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டு எஞ்சின் பக்கமாக ஆடியது. வளையலை வைத்து அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். எனக்குப் பத்தடி தூரத்தில்தான் கடந்து போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் நான் இருக்கிறேன் என்று நினைத்து, வண்டி வளைவில் திரும்பும் வரைக்கும் எஞ்சினைப் பார்த்தே கையாட்டிக்கொண்டு போனாள்.